லேப்பில் பிடித்த நோய்

காசநோய்க் கிருமியின் நொதி ஒன்றோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். ஆனால் அந்தக் கிருமியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் யாரும் நம்புவதில்லை. கோழியையே பார்க்காமல் முட்டைக்கடை வைத்தவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். உண்மை அதுதான். கிருமியின் மரபணுவில் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்து, சாதுவான வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் போதும், அது நமக்காக அந்த நொதியைச் செய்து கொடுத்துவிடும். உயிருள்ள காசநோய்க் கிருமியை வளர்க்கிற கட்டடம் வேறு. அதற்குள் நுழைய எனக்கு அனுமதியே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை.

காசநோய்க் கிருமிக்கு மேலே மெழுகு மாதிரி ஒரு கோட்டு உண்டு. அந்தக் கோட்டு இருக்கிறவரை மருந்து லேசில் உள்ளே போகாது. அந்த மெழுகைச் செய்கிற நொதிகளில் ஒன்றின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வடிவம் தெரிந்தால் அதில் எந்தப் பள்ளத்தில் மருந்தைக் கொண்டுபோய் அடைக்கலாம் என்று தெரியும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு என் இருபதுகளில் பாதி போயிற்று.

நொதியைச் சுத்தம் செய்து, துளித்துளியாகக் கண்ணாடி வில்லைகளில் தொங்கவிட்டு, குளிரூட்டிய அறையில் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். இஷ்டம் இருந்தால் படிகமாகும். இல்லாவிட்டால் தயிர் திரிந்த மாதிரி கிடக்கும். முதல் வருஷக் கடைசியில் ஒரு துளிக்குள் அழகழகான படிகங்கள் வந்தன. ஓரமெல்லாம் கத்தி மாதிரி. நான் லேப் முழுக்க ஓடி எல்லாரையும் கூட்டிவந்தேன். என் வழிகாட்டி அம்மையார் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மெல்லிய ஊசியால் ஒரு படிகத்தை லேசாக அழுத்தினார். அது கறுக்கென்று உடைந்தது. நொதிப் படிகம் அப்படி உடையாது, அல்வா மாதிரி நசுங்கும். நான் வளர்த்தது வெறும் உப்பு. மறுநாள் என் மேசையில் யாரோ ஒரு கல்லுப்புப் பாக்கெட்டை வைத்து அதற்கு ஒரு பொட்டும் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நிஜப் படிகம் வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அந்தப் படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கிடைத்த புள்ளிகளைக் கணக்கிட்டால், கணினித் திரையில் நீல நிறத்தில் வலை மாதிரி ஒரு வரைபடம் வரும். அந்த வலைக்குள் அணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி நொதியைக் கட்டவேண்டும். என் நொதியில் ஒரு வளைவு மட்டும் வலையில் தெரியவே இல்லை. ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிற பகுதி கதிருக்குச் சிக்காது. இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறதே என்று நானே உத்தேசமாக அந்த வளைவைக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதைப் பார்த்தியா?" என்று கேட்டார் வழிகாட்டி.

"இல்லை மேடம். ஆனா இப்படித்தான் இருக்கணும்."

"பார்க்கலைன்னா எடுத்துடு."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் தொழிலின் ஒழுக்கம் முழுவதும் அதில் அடக்கம். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விடவேண்டும்.

பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. எழுதிப்போட்ட இடங்களிலிருந்து வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது, சில இடங்கள் வருத்தப்படவும் மெனக்கெடவில்லை. விடுதி அறையைக் காலி செய்யச் சொன்னபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தேன். வீட்டில் அப்பா மட்டும்தான். அம்மா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அப்பா விசைத்தறிக் கூடத்தில் சேலை நெய்கிறவர். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். வந்து குளித்துச் சாப்பிட்டு, ஜெபம் பண்ணிப் படுத்துவிடுவார். எங்கள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசம் உண்டு, பேச விஷயம்தான் இல்லை.

நான் மாடியறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, என் நொதியைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கட்டுரை அனுப்புவதற்கு முன் கடைசி மெருகு. வெளியே தெரு முழுக்கத் தறிகள் ஓடும். சத்தம் விடாமல் கேட்டுக் கேட்டு, மின்சாரம் போய் அது நின்றால்தான் திடுக்கிடும். லேப் நண்பர்கள் முதல் மாதம் தினமும் பேசினார்கள். பிறகு ஞாயிறுகளில். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும். ஒருநாள் காய்காரம்மாவிடம் கத்திரிக்காயைப் பற்றித் தேவைக்கு மேல் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டு நிற்பதை உணர்ந்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த அம்மா கிளம்பவேண்டும், நான் விடவில்லை. தனிமை என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் பேசினால் குரல் கரகரக்குமே, அதுதான்.

தெருவில் கேள்வி மட்டும் ஓயாது. "அவ்வளவு படிச்சுட்டு இங்கன என்ன செய்யுத?" நல்ல மனதோடுதான் கேட்பார்கள். வீட்டிலிருந்தே வேலை என்பேன். அதற்குமேல் கேட்டால் தலைவலி என்பேன்.

அப்பா இருமிக்கொண்டிருந்தார். நான் ஊருக்கு வந்த முதல் நாளே அந்த இருமல் இருந்தது. எங்கள் தெருவில் இருமாத தறிக்காரர் யார்? ஒருமுறை கேட்டேன். "பஞ்சுத் தூசி ட்டி. முப்பது வருசமா இதே கதைதான்" என்றார். நானும் சரியென்று மாடிக்குப் போய் நீர் மூலக்கூறு பொருத்தினேன்.

வந்து எட்டு மாதத்தில் எனக்குச் சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் வர ஆரம்பித்தது. சுடிதார் தொளதொளத்தது. மூன்று வாரம் இருமிய பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைக் கொடுத்துவிட்டு வந்தேன். காசநோய் என்று சொன்னார்கள்.

பயப்படுவேன் என்று நினைத்தேன். பயம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. வேலை இல்லை, கல்யாணம் இல்லை, இப்போது இதுவும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"லேப்லதான பிடிச்சிருக்கும் மக்கா? அந்தக் கிருமியத்தான நோண்டிட்டு இருந்த?"

நான் பதில் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் சுகாதாரப் பணியாளர் ஒருவர் பைக்கில் வந்தார். குருவிகுளம் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும், எல்லாரையும் உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர். மாத்திரைகளை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, வீட்ல கூட இருக்கவுகளும் ஒரு எக்ஸ்ரே எடுத்துரணும். நாளைக்கு வந்துருங்க."

"எனக்கு எதுக்கு? இது வீட்ல வந்த நோயா? எம்மவ விஞ்ஞானி. லேப்ல வேல பாக்கும்போது பிடிச்சது. ஏட்டி, சொல்லு."

பணியாளர் என்னைப் பார்த்தார். "அப்படியா மேடம்?"

அந்த 'மேடம்' இருக்கிறதே. எட்டு மாதமாக நான் இன்னாருடைய மகள், வேலையில்லாத பெண், பாவம். இப்போது ஒரு ஆள் கையில் பேனாவோடு நின்று, விஞ்ஞானியிடம் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்கிறார். முடியாது, வாய்ப்பே இல்லை, நான் கிருமியைத் தொட்டதே இல்லை, எங்கே வந்தது என்று இந்த வீட்டில்தான் முதலில் தேடவேண்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அது அத்தனையும் தெரியும்.

"அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொண்டுபோனார். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம். ஐயர் அதை ஆராதனையில் வாசித்தாராம். 'மனுக்குலத்தின் நன்மைக்காக ஆராய்ச்சி செய்கையில் நோய்வாய்ப்பட்ட மகளுக்காக.' அப்பா அந்த வாக்கியத்தை மூன்றுமுறை எனக்குச் சொல்லிக்காட்டினார். நான் வெளியே போகலாம் என்று மருத்துவர் சொன்னபிறகு கோயிலுக்குப் போனேன். பெண்கள் வரிசையில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். நோய்க்குப் பயந்து ஒதுங்கியதாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இது மரியாதை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கையைப் பிடித்து, "உன்ன மாதிரி பிள்ளைகளாலதான் நாங்கள்லாம் நல்லா இருக்கோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை என்ன ஆயிற்று என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. இந்த நோய்தான் எனக்கு உத்தியோகம் கொடுத்தது.

சாதாரணமாக இருந்திருந்தால், மற்றவர்களுக்கு வருகிற மாதிரி இருமலிலும் காற்றிலும் வந்த நோய் என்றிருந்தால், எங்கள் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு கடந்து போயிருக்கும். லேப்பில் பிடித்த நோய்க்கு மட்டும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

மாத்திரை சாப்பிட்டேன், ஒருநாள்கூடத் தவறாமல். அதில் கலந்திருந்த மருந்துகளில் ஒன்று என் நொதி வேலை செய்கிற அதே மெழுகுப் பட்டறைக்குள்தான் போய் உட்காரும். எந்தப் பள்ளத்தில் உட்காரும், எந்த அணு எதைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு மனப்பாடம். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, கழிவறையில் மருந்தின் சாயத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லையே என்று இருக்கும்.

அந்த நாட்களில்தான் கட்டுரை ஏற்கப்பட்டது. உலகத்துப் புரத வடிவங்களையெல்லாம் சேர்த்துவைக்கிற கிடங்கில் என் நொதியும் ஓர் எண்ணோடு சேர்ந்தது. அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டுத் திரையில் சுழற்றிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"சிக்கு விழுந்த நூல் மாதிரிலா இருக்கு" என்றார். பிறகு நான் கட்டாமல் விட்ட வளைவின் இடத்தைத் தொட்டு, "இங்கன அறுந்திருக்கே?" என்றார்.

"அறுந்து போகலப்பா. அது எங்களுக்குத் தெரியல. தெரியாததக் கட்டக் கூடாது."

"அது நல்ல பழக்கம்தான்" என்றார். சொல்லிவிட்டு இருமினார். இறங்கப் போனவர் இருமலை அடக்கப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, மூச்சு சமனான பிறகு எழுந்து இறங்கிப் போனார். எனக்கு அப்போதுகூட அதைக் கேட்கத் தோன்றவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். தோன்றியது. கேட்டால் என் சால்வை போய்விடும்.

பணியாளர் இதற்குள் மூன்றுமுறை வந்து போனார். மூன்றாவது முறை அப்பா இல்லாதபோது என்னிடம் தனியாகச் சொன்னார். "நான் சொன்னா அண்ணாச்சி கேக்க மாட்டுக்காவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா வருவாவ மேடம்."

"பாப்போம்" என்றேன்.

என் ஆறு மாதம் முடிந்து, நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்த இரண்டாவது வாரம். அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஏதோ சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தொட்டியெல்லாம் ரத்தம். அவர் குழாயைத் திறந்துவிட்டு அவசரம் அவசரமாக அதைக் கழுவிக்கொண்டிருந்தார், தப்பு செய்தவர் மாதிரி. சட்டையைக் கழற்றியிருந்தார். விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர் உடம்பை நான் எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை!

மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் குழிகள். சுற்றிலும் சுருங்கிப் போயிருந்தது. "இது இப்ப வந்ததில்லம்மா. ரொம்ப நாளா இருக்கு. உங்களுக்கு வருததுக்கு முந்தியே இருந்திருக்கும்" என்றார். மருந்தில் நோய் போகும், போன நுரையீரல் திரும்பாது என்றும் சொன்னார். எனக்கு அதைப் படிக்க மருத்துவர் தேவைப்படவில்லை. இருட்டுக்குள் வடிவம் தேடுவதுதானே என் படிப்பு. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் காசநோய் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பணியாளர் வீட்டுக்கு வந்தார். நோட்டைத் திறந்துகொண்டு, தறிக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் யார் யார் என்று கேட்டார். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"அவங்கள எதுக்குத் தம்பி இழுக்க? இது தறியில உள்ள நோய் இல்ல. எம்மவளுக்கு லேப்ல இருந்து வந்துச்சு. அவகிட்ட இருந்து எனக்கு. அவளுக்கும் சரியாப் போச்சு. இதோட முடிஞ்சுது."

பணியாளர் முன்போலவே என்னைப் பார்த்தார். இந்தமுறை கேள்வியைக் கேட்கக்கூட இல்லை.

அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றுகிற பெண் ஒருத்தி உண்டு. தறிக்கூடத்து உத்திரத்தில் தொட்டில் கட்டித்தான் தன் கைக்குழந்தையைத் தூங்கவைப்பாள். அப்பா வேலைக்கு நடுவே அந்தத் தொட்டிலை ஆட்டிவிடுவார் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"லேப்ல இருந்து வரல" என்றேன். "வரவே முடியாது. நான் அந்தக் கிருமியத் தொட்டதே இல்ல. அப்பாவுக்குத்தான் முதல்ல. தறியில எல்லாரையும் பாருங்க. தொட்டில்ல ஒரு பிள்ள கெடக்கு, அதையும் பாருங்க."

பணியாளர் எழுதிக்கொண்டு கிளம்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைக் சத்தம் தெருமுனையைக் கடந்த பிறகு அப்பா கேட்டார்.

"அப்போ நாந்தான் உனக்குக் குடுத்தனா?"

"அத உறுதியாச் சொல்ல முடியாதுப்பா."

"லேப் இல்லங்கது?"

"அது உறுதி."

"அன்னைக்கே தெரியுமா?"

தெரியும் என்றேன். அப்பா கோபப்படவில்லை. எழுந்து, போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு பின்கட்டுத் தகரக் கொட்டகைக்குப் போனார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

தறிக்கூடத்தில் எல்லாரையும் சோதித்தார்கள். அப்பாவின் பக்கத்துத் தறியில் நிற்பவருக்கு இருந்தது, ஆரம்பத்திலேயே கண்டுவிட்டார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். அதை ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். குழந்தை என்றதும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். பக்கத்துத் தறிக்காரரைப் பற்றிச் சொன்னதும் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை. நான் போனேன், ஐயரிடம் நடந்ததைச் சொன்னேன். பெண்கள் வரிசையில் இப்போது எனக்கு யாரும் தனியாக இடம் விடுவதில்லை, எல்லாரோடும் நெருக்கியடித்து உட்காருகிறேன்.

அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். இரண்டு மாதம் கழித்துச் சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. அவரிடமிருந்து இனி யாருக்கும் பரவாது, வீட்டுக்குள் வந்து இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அன்று மீன்குழம்பு வைத்தேன், அம்மா செய்த பக்குவத்தில். இரண்டு பேருக்கும் உள்ளே தட்டு வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்கப்பா. இனிமே பரவாது. ரெண்டு பேரும் சேந்து சாப்பிடலாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாங்க. நானும் ரிப்போர்ட்டப் பாத்தேன். எனக்குத் தெரியும்ப்பா, நம்புங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குத்திக்காட்டுகிற முகம் இல்லை. நிஜமாகவே யோசிக்கிற முகம்.

"லேப்ல இருந்து வந்திருக்கலாம்னும் நீதான சொன்ன மக்கா. படிச்ச பிள்ள, இவளுக்குத் தெரியாதான்னுதான் நான் நம்புனேன்." மூச்சு வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கு மறுபடியும் வந்துரக் கூடாதுட்டி. எதுக்கும் நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

நான் உள்ளே போய் அவருடைய தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, மீனில் முள்ளைப் பார்த்து எடுத்துவைத்துக் கொண்டுவந்தேன். கையில் வாங்கமாட்டேன் என்று கீழே வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு நான் நாலடி தள்ளிப் போன பிறகுதான் எடுத்தார்.